இறக்கிய சிவிக்குக்கு கேம்பர் கிட்: எதை வாங்கினேன், எதை விட்டேன்

காடியின் உயரத்தைக் குறைத்து இறக்கிய எவரிடமாவது போய், பின்டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிறது என்று சொல்லிப் பாருங்கள். யோசிக்காமல் 'கேம்பர் கிட் போடு' என்பார்கள். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம், கிட் அதைத் திருத்தும் பார்ட். முன்னாலா பின்னாலா, எத்தனை டிகிரி, எந்த மாதிரி கிட் என்று கேட்டால் பேச்சு ஸ்போர்ட் ரிம்முக்குத் தாவிவிடும். கோலாலம்பூர் சென்டூலில் எங்கள் ஃபிளாட் கார் பார்க்கில் வைத்து என் ஹோண்டா இகே சிவிக்குக்குச் செய்த வேலையை எழுதுகிறேன். மச்சானின் பெரோடுவா மைவியும் நடுவில் வரும், ஏனென்றால் அதன் கதை முழுக்க வேறு.

இகே என்பது 1995இல் வந்த ஆறாம் தலைமுறை சிவிக். சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் டபுள் விஷ்போன். 2000இல் வந்த அடுத்த தலைமுறையில் ஹோண்டா முன்பக்கத்தை மேல் ஆர்மே இல்லாத மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டாக மாற்றிவிட்டது, இந்தப் பழைய காடிகளுக்கு இன்னும் மவுசு குறையாததற்கு அதுவும் ஒரு காரணம். டபுள் விஷ்போனில் சக்கரத்தை மேலே ஓர் ஆர்மும் கீழே ஓர் ஆர்மும் பிடித்திருக்கும், மேல் ஆர்ம் குட்டை. சக்கரம் மேலே ஏற ஏற குட்டை ஆர்மின் நுனி சீக்கிரமாக உள்ளே இழுத்துக்கொள்ளும், சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும். வளைவில் காடி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் சாலையில் தட்டையாக உட்காரட்டும் என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. இரண்டு இஞ்ச் இறக்கினால் சக்கரம் நேர்ச்சாலையிலும் அந்த ஏறிய நிலையிலேயே நிற்கும், நெகட்டிவ் கேம்பர் நிரந்தரமாகிவிடும். எதுவும் உடையவில்லை, எதுவும் வளையவில்லை, கோணம்தான் மாறியிருக்கிறது.

என் காடியில் உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கக்கூடிய ஹை-லோ பாடிஷிப்ட் அப்சோர்பர், 195/55 டயர், 15 இஞ்ச் ரிம். பார்ட் தேடுவதற்கு முன் அளந்துவிடணும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அளக்க மெஷின் கட்டாயமில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். தரை மட்டமாக இருக்கும் இடத்தில் காடியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஃபெண்டரிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு என்று ஸ்டீல் ரூலரால் பார்க்கணும். டயரின் அடிப்பக்கம் எடையில் பிதுங்கி நிற்கும், அதனால் டயரில் அளக்கக்கூடாது, ரிம்மில்தான். 15 இஞ்ச் ரிம்மின் விளிம்புக்கு விளிம்பு ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் இருக்கும், அந்தத் தூரத்துக்கு 7 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு டிகிரி. எனக்குப் பின்னால் இரண்டு பக்கமும் 18, 20 என்று வந்தது, அதாவது மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. கார் பார்க் தரையை நம்பாதீர்கள், மழைத்தண்ணீர் வடிய அதற்குச் சரிவு வைத்திருப்பார்கள். காடியைத் திருப்பி எதிர்த்திசையில் நிறுத்தி இன்னொரு முறை அளந்து சராசரி எடுத்தால் தரையின் சரிவு தானாகக் கழிந்துவிடும்.

அப்புறம்தான் அலைன்மென்ட் கடை. மெஷின் காட்டியது: முன்னால் இரண்டு பக்கமும் மைனஸ் 1 டிகிரி 40 நிமிடத்தை ஒட்டி, பின்னால் இடது மைனஸ் 2 டிகிரி 50, வலது மைனஸ் 2 டிகிரி 35. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அறுபது நிமிடம் சேர்ந்தால்தான் ஒரு டிகிரி. ஆகவே ரிப்போர்ட்டில் 2.50 என்று அச்சாகியிருந்தால் அது டிகிரி-நிமிடமா தசமமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் நடுவே மூன்றில் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கிறது. ஹோண்டா கொடுத்த அளவு முன்னால் சுழி, பின்னால் மைனஸ் 1, இரண்டுக்கும் ஒரு டிகிரி கூடக்குறைய இருக்கலாம். இதைப் பார்த்ததும் கையில் இருக்கும் காசை எடுத்து கேம்பர் கிட் வாங்கத்தான் தோன்றும். ஆனால் அதே தாளில் கீழே பின்சக்கர டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மொத்தம் 6 மில்லிமீட்டர் வெளிநோக்கி என்று இருந்தது. இருக்கவேண்டியது உள்நோக்கி சுமார் 2.

கடை முதலாளியான தவுக்கே அதைத்தான் விரலால் தட்டிக் காட்டினார். 'டோ டுலு லா, மச்சா.' முதலில் டோவைப் பார் என்கிறார். கோலாலம்பூரில் தமிழன் என்று முகத்தைப் பார்த்ததுமே நாம் எல்லோருக்கும் மச்சாதான். அவர் சொன்னது சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் 6 என்றால் ஒரு சக்கரத்துக்கு 3 மில்லிமீட்டர். டயரின் விட்டம் ஏறத்தாழ 600. மூன்றை 600ஆல் வகுத்தால் ஆயிரத்தில் ஐந்து, அதாவது ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் அந்த டயர் ஐந்து மீட்டர் பக்கவாட்டில் சாலையோடு உரசிக்கொண்டு போகிறது. சென்டூலிலிருந்து ஷா ஆலம் போய்த் திரும்பும் ஆளுக்கு அது ஒரே நாளில் எவ்வளவு உரசல் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கேம்பர் தனியாக இருந்தால் எடை உள்விளிம்பில் கூடுதலாக விழும், தேய்மானம் இருக்கும், ஆனால் மெதுவாக. கேம்பரும் வெளிநோக்கிய டோவும் சேர்ந்தால்தான் உள்விளிம்பு கம்பி தெரியும் அளவுக்கு வேகமாகப் போகும். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் சக்கரம் ஏறிப்போகும் அந்த சைட் ஸ்லிப் தகடும் பெரும்பாலும் டோவின் கதையைத்தான் சொல்கிறது.

சரி, பின் டோ ஏன் அப்படிப் போனது? இகேயில் பின் டோவைத் திருத்த காம்பென்சேட்டர் ஆர்ம் என்ற குட்டி ஆர்மின் உள்பக்கப் போல்ட்டில் நீள ஓட்டை இருக்கிறது, அதைத் தளர்த்தித் தள்ளலாம். தவுக்கேயின் ஆள் தள்ளினார், அளவு வந்தது, காடியை முன்னும் பின்னும் ஒருமுறை உருட்டியதும் அளவு நழுவியது. அப்படி நழுவினால் அதற்கு மேல் அலைன்மென்டுக்குக் காசு கொடுப்பது வீண். டார்ச் அடித்துப் பார்த்தால், பின்சக்கரத்தை முன்பின்னாகப் பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்மின் புஷ் வாய் பிளந்து கிடந்தது. இகேயோ அதற்கு முந்தின தலைமுறை ஈஜியோ வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த வியாதி. கைப்பிடி அகலத்தில் ஒரு பெரிய ரப்பர் புஷ், பின்சக்கரத்தின் மொத்த முன்பின் அசைவையும் அதுதான் தாங்குகிறது, இத்தனை வருடக் கோலாலம்பூர் வெயிலுக்கும் எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலைக் குழிகளுக்கும் அது தாங்கியதே பெரிய காரியம். பழையதை எடுக்கவும் புதியதை ஏற்றவும் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், சுத்தியலால் அடித்து ஏற்றும் வேலை இல்லை. புஷ்ஷுக்குத் திசை உண்டு. பழையது எந்தக் கோணத்தில் இருந்தது என்று ஆர்மில் கோடு கிழித்து வைத்துக்கொண்டே கழற்றணும்.

இந்த இடத்துக்கு பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்வார்கள். நான் போடவில்லை. டிரெய்லிங் ஆர்ம் ஒரே அச்சில் மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை, கொஞ்சம் திருகவும் செய்கிறது. பாலி அந்தத் திருகலுக்குச் சுலபமாக வளைந்துகொடுக்காது, இறுகிப் பிடிக்கும். கெட்டி ரப்பர் புஷ் போதும். தைவானின் ஹார்ட்ரேஸ் மாதிரிக் கம்பெனிகள் அதைச் செய்கிறார்கள், ஒரிஜினல் ரப்பர் கிடைத்தாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புஷ் மாற்றி, டோவைத் திருத்தி, மறுபடி அளந்ததில் பின்கேம்பர் இரண்டரை டிகிரியை ஒட்டி வந்து நின்றது. அதாவது கேம்பர் என்று பேசப்பட்டதில் ஒரு சிறு பங்கு செத்த புஷ்ஷின் ஆட்டம். இந்த நிலையில் அப்படியே ஓட்டினாலும் டயர் முன்னைவிட நெடுநாள் தாங்கியிருக்கும். எனக்குப் பின்னால் மைனஸ் ஒன்றேகால் வேண்டும் என்று பட்டது, அதனால் சுமார் ஒன்றேகால் டிகிரி திருத்தணும். இப்போதுதான் பார்ட் பற்றிப் பேசவே வழி பிறந்தது.

பின்னால் மலிவான வழி வாஷர். மேல் ஆர்ம் பாடியில் இரண்டு போல்ட்டால் பிடித்திருக்கிறது, அந்த இடுக்கில் வாஷர் வைத்தால் ஆர்ம் முழுதுமாக வெளியே தள்ளும், சக்கரத்தின் தலை நிமிரும். மேல் ஜாயின்ட்டுக்கும் கீழ் ஜாயின்ட்டுக்கும் நடுவே 300 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு டிகிரிக்கு ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வேண்டும். இதை ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு டிகிரிக்குள் திருத்தம் போதும் என்றால் வாஷர் நேர்மையான வேலை, அசையும் பாகம் எதுவும் கூடவில்லை, தளர்வதற்கும் ஒன்றும் இல்லை. நிபந்தனை இரண்டுதான்: வாஷரின் தடிமனுக்கு ஏற்ற நீளப் போல்ட் வாங்கணும், பழைய போல்ட்டையே வைத்து மரை பாதி பிடித்த நிலையில் விடக்கூடாது. அந்தப் போல்ட் காடியில் வந்த போல்ட்டின் தரத்துக்குக் குறையாததாக இருக்கணும், ஹார்டுவேர் கடையில் அலமாரிக்கு விற்கும் போல்ட் இல்லை.

எனக்கு வாஷர் எல்லையைத் தாண்டியது, தவிர பழைய மேல் ஆர்மின் புஷ்களும் வெடித்திருந்தன. புஷ் வாங்கி பிரஸ் கூலியும் கொடுப்பதற்கு, புது புஷ்ஷோடு வரும் அட்ஜஸ்ட்டபிள் ஆர்ம் வாங்குவதே கணக்குக்கு ஒத்துவந்தது. ஜாலான் சான் சௌ லின் பக்கம் கடைகளில் ஏறி இறங்கிக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். படத்தில் எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும்.

கையில் எடுத்தால் முதலில் பார்க்கவேண்டியது நீளத்தை எப்படி மாற்றுகிறார்கள் என்பது. ஒரு வகையில் இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும், நீள ஓட்டையில் போல்ட் போட்டு இறுக்கினால் உராய்வுதான் பிடிமானம். தகடுகளுக்கு நடுவே பல் வெட்டியிருந்தால் பரவாயில்லை, வழவழப்பாக இருந்தால் ஒரு நல்ல குழியில் நழுவிவிடும், நழுவியது அடுத்த அலைன்மென்ட் வரை தெரியவும் தெரியாது. இன்னொரு வகை இடது மரை, வலது மரை வெட்டிய நடுக்கம்பி, காடியில் இருக்கும்போதே ஸ்பேனரால் திருகி நீட்டலாம், இரண்டு பக்கமும் லாக் நட். நான் எடுத்தது இது. மரை எவ்வளவு உள்ளே பிடித்திருக்கிறது என்பது முக்கியம். குறைந்தது கம்பியின் விட்டம் அளவுக்காவது உள்ளே இருக்கணும், நீட்டி நீட்டி நுனியில் தொங்கவிட்டால் அது ஆர்ம் இல்லை. நம்மூர் மழையில் மரை துருப்பிடித்து இறுகிவிடும், மாட்டுவதற்கு முன்பே ஆன்டி-சீஸ் தடவிவிடுங்கள்.

அடுத்தது நுனியில் என்ன இருக்கிறது என்பது. ரப்பர், பாலி, பில்லோ பால் மூன்றும் கிடைக்கின்றன. பில்லோ பால் என்பது ரப்பரே இல்லாத உலோக உருண்டை ஜாயின்ட், இம்மி அசையாது, டிராக்குக்கு அருமை, தினமும் ஜாலான் ஈப்போ ஜாமில் நிற்கும் காடியில் தூசியும் தண்ணீரும் புகுந்து கடகடவென்று பேச ஆரம்பித்துவிடும். பாலி இந்த இடத்தில் ஒத்துக்கொள்ளலாம், மேல் ஆர்ம் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் ஆடுகிறது, ஆனால் கிரீஸ் வறண்டால் ஒவ்வொரு பம்ப்பிலும் கீச்சிடும். கெட்டி ரப்பரையே எடுத்தேன். காப்பி சாமான் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி வெல்டிங்கைப் பார்ப்பதும், புஷ்ஷின் நடு ஸ்லீவில் விரலைவிட்டு ஆட்டுவதும்தான். வெல்டிங் ஒரே சீராக ஓடணும், ஸ்லீவ் லொடலொடக்கக்கூடாது.

மாட்டும்போது எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஒன்று. ரப்பர் புஷ்ஷின் நடு ஸ்லீவ் ரப்பரோடு ஒட்டியிருக்கிறது, அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். ஜாக்கில் காடி தூக்கியிருக்கும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும், அந்த நிலையில் போல்ட்டை முழுசாக இறுக்கினால் அதுதான் ரப்பரின் ஓய்வு நிலை என்று ஆகிவிடும். காடி கீழே இறங்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கியபடியே கிடக்கும், இறக்கிய காடியில் அந்த முறுக்கு இன்னும் அதிகம், சீக்கிரமே கிழியும். ஆகவே போல்ட்டைக் கையிறுக்கத்தில் விட்டு, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக் கொடுத்து, சக்கரம் சாலையில் நிற்கும் உயரத்துக்கு ஏற்றி, அதன்பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்கணும். ரேம்ப் இருக்கும் வொர்க்‌ஷாப்பில் சக்கரத்தின் மேல் நிறுத்தியே இறுக்கலாம். மெக்கானிக் போமனிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார், சொல்லத்தான் வேண்டும். லாக் நட்டில் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் தளர்ந்ததா என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேம்பர் நிமிர்ந்தால் டயரின் தலை வெளியே வரும் என்பதையும் மறக்கவேண்டாம். ஒன்றேகால் டிகிரிக்கு டயரின் உச்சியில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ரிம்மின் ஆஃப்செட் ஏற்கெனவே சக்கரத்தை வெளியே தள்ளி வைத்திருக்கிறதென்றால் பின்சீட்டில் ஆள் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஃபெண்டர் விளிம்பு டயரைச் சீவும். எனக்கு விரல் நுழையும் அளவு இடைவெளி மிஞ்சியது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு பத்து மலை பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு ஃபெண்டரின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தேன், உரசல் இல்லை. உரசினால் விளிம்பை மடிக்கவேண்டும், அல்லது கேம்பர் திருத்தத்தை அரை டிகிரி குறைத்துக்கொள்ளவேண்டும். நானாக இருந்தால் குறைத்துக்கொள்வேன், முப்பது வருடத்தை நெருங்கும் காடியில் பெயிண்ட் வெடித்தால் துரு அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும்.

முன்பக்கம் ஒன்றும் வாங்கவில்லை. மைனஸ் 1 டிகிரி 40 என்பது டோ சரியாக இருந்தால் டயருக்குப் பெரிய தொல்லை இல்லை, உலு யாம் மலைச்சாலை வளைவுகளில் மூக்கு நன்றாகத் திரும்புவதற்கும் அதுதான் காரணம். ஸ்டியரிங்கின் டை ராடில் டோவை மட்டும் சுழிக்குக் கொண்டுவந்தாயிற்று. ஆனால் இன்னும் கீழே இறக்கி இரண்டரைக்கு மேல் போனவர்களுக்கு: பால் ஜாயின்ட் தகட்டில் நகரும் மாதிரி மேல் ஆர்ம் பிரபலம், அமெரிக்காவின் ஸ்கங்க்2 அதில் பெயர் வாங்கியது. திருத்த எல்லை தாராளம். ஆனால் இறக்கிய காடியில் மேல் ஆர்ம் ஏற்கெனவே அப்சோர்பர் உட்காரும் டவரின் கூரைக்கு அருகில் நிற்கிறது, அதன்மேல் தகடும் நட்டும் துருத்திக்கொண்டிருந்தால் பம்ப்பில் டவர் தகரத்தை முட்டும். வாங்குவதற்கு முன் பானெட்டைத் திறந்து, களிமண் உருண்டை ஒன்றை ஆர்மின் மேல் ஒட்டி ஓட்டிவந்து பாருங்கள், எவ்வளவு நசுங்கியது என்பதில் இடைவெளி தெரிந்துவிடும். இடம் இல்லையென்றால் ஆர்மின் உள்பக்கப் பிவட்டை நகர்த்தும் ஆங்கர் போல்ட் மாதிரி நல்லது, மேலே எதுவும் துருத்தாது.

எது போட்டாலும் வரிசை ஒன்றுதான், கேம்பரை முதலில் வைத்து டோவைக் கடைசியில். மாற்றிச் செய்தால் கேம்பரைத் தொட்டதும் டோ ஓடிவிடும்.

இனி மைவி. மச்சானுக்கும் பின்டயர் உள்பக்கம் தேய்மானம், ஒரு கடையில் 'இறக்கியதால் பின்கேம்பர் போய்விட்டது, ஷிம் போடணும்' என்று சொல்லியிருக்கிறார்கள். மைவியின் பின்னால் டார்ஷன் பீம். இரண்டு சக்கரத்தின் ஹப்பும் ஒரே பீமில் மாட்டியிருக்கிறது, உயரத்தைக் குறைத்தால் பீம் மொத்தமாக ஆடி ஏறுமே தவிர சக்கரத்தின் சாய்வு பெரிதாக மாறாது. ஆகவே அங்கே ஒரு பக்கம் மட்டும் கேம்பர் அதிகம் என்று மெஷின் காட்டினால் இறக்கியதைச் சந்தேகப்படுவதைவிட முதலில் பேரிங்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அப்புறம் பீம் எங்காவது கல்லில் மோதி வளைந்ததா என்று. ஷிம் என்பது பீமுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் ஆப்பு மாதிரித் தகடு, வளைந்த பீமைச் சகித்துக்கொள்ள உதவும், ஆடும் பேரிங்குக்கு அது மருந்தாகாது.

முன்னால் அவனுக்கு இடது மைனஸ் 1 டிகிரி 30, வலது மைனஸ் 20 நிமிடம், ஸ்டியரிங்கை விட்டால் காடி வலதுபக்கம் ஒதுங்கியது. குறைவாகச் சாய்ந்த பக்கம்தான் இழுக்கும். ஸ்ட்ரட் காடியில், ஹப்பைத் தாங்கும் நக்கிளைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, சக்கரத்தின் தலையைக் கையால் உள்ளே தள்ளிப்பிடித்தபடி இறுக்கினால் ஓட்டையில் இருக்கும் சொச்ச இடைவெளியிலேயே கொஞ்சம் கிடைக்கும், செலவே இல்லை. மீதிக்கு வலதுபக்கம் மட்டும் ஒரு கேம்பர் போல்ட், மேல் ஓட்டையில். நடுவே கோணலாகத் தடித்த போல்ட் அது, திருகினால் நக்கிளைத் தள்ளும், ஒன்றரை டிகிரிக்கு மேல்கூடத் திருத்துவதாகச் சொல்லி விற்பார்கள். ஒரிஜினலைவிட மெல்லியது என்பதால் பெட்டியில் சொன்ன டார்க்கைத் தாண்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஹை-லோ போட்ட ஸ்ட்ரட் என்றால் வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள், பலவற்றில் அந்த மேல் ஓட்டையே நீளமாக வெட்டியிருக்கும் அல்லது மேலே கேம்பர் பிளேட் வந்திருக்கும், அவற்றுக்கு இந்தப் போல்ட் தேவையே இல்லை.

மச்சானின் பின்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டியதில் டொக்கென்று சத்தம் வந்தது. ஷிம்முக்கு ஒதுக்கியிருந்த காசு பேரிங்குக்குப் போனது.